குழலோசையும் ஜன்னல் காற்றும்

(ஹெப்பகோடியில் நடைபெற்ற நம் சங்க உறுப்பினர்களின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

"குழந்தைகளும் சங்கீதமும்" என்ற தலைப்பில் இருபது நிமிஷம் பேச வேண்டும் என்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். அது சமுத்திரம் மாதிரி விஷயம். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2020-லிருந்து 2022 வரை, கொரோனா காலத்தில், இந்த ஹெப்பகோடியில் ஒன்பது குழந்தைகளுக்குப் புல்லாங்குழல் சொல்லிக் கொடுத்தேன். அந்த அனுபவத்தைத்தான் பேசப் போகிறேன். அதில் நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. அதைப் பொதுவில் சொல்வது இதுவே முதல் தடவை. நம் பத்திரிகை பல ஊர்களுக்குப் போகிறது. அங்கெல்லாம் குழந்தைகளைக் கூட்டி வைத்துப் பாட்டோ, வாத்தியமோ, ஸ்லோகமோ சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு இது பிரயோஜனப்படும் என்று நினைக்கிறேன்.

நான் பெரிய வித்வான் இல்லை. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டினவன். கும்பகோணத்தில் பன்னிரண்டு வயதில் குழல் பிடித்தேன். உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றல் ஆனபோதும் பெட்டியில் ஒரு குழல் இருக்கும். பிள்ளைக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அதனால் ஓய்வு பெற்ற பிறகு 2014-ல் நானும் என் சம்சாரமும் இங்கே வந்து சேர்ந்தோம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஹெப்பகோடி, ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ஆனேக்கல் தாலுகாவில் இருக்கிறது. பயோகான் கம்பெனி இருக்கிற ஊர் என்றால் பலருக்குத் தெரியும். இதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடமும் வந்துவிட்டது. நான் சொல்லும் காலத்தில் மெட்ரோ இல்லை. தூண்கள் மட்டும் இருந்தன.

எங்கள் குடியிருப்பின் பொது ஹாலில் சனிக்கிழமை நாலு மணி முதல் ஆறு மணி வரை வகுப்பு. எட்டு வயதிலிருந்து பதினாலு வயது வரை ஒன்பது குழந்தைகள். 2020-ல் ஸ்ரீராமநவமி ஏப்ரல் 2-ஆம் தேதி வந்தது. அன்று மாலை குழந்தைகள் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. என்ன வாசிப்பது என்று யோசித்து, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டுஸ்வரங்களில் மூன்றை எடுத்தேன். ஆங்கிலேயர்களின் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு தீக்ஷிதர் ஸம்ஸ்க்ருதத்தில் ஸாஹித்யம் செய்தவை அவை. பேண்டு என்றாலே பலர் சேர்ந்து ஊதுவதுதானே? குழந்தைகள் சேர்ந்து ஊதுவதற்கு அதைவிடப் பொருத்தம் கிடைக்காது. "ச்யாமளே மீனாக்ஷி" ஆரம்பித்ததும், "தாத்தா, இது ட்விங்கிள் ட்விங்கிள்!" என்று ஒரு வாண்டு கத்தினான். அன்றைக்கே எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. சாமராஜப்பேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்தில் வருஷா வருஷம் ராமநவமிக் கச்சேரிகள் நடக்கும் ஊர் பெங்களூரு. அந்த வருஷம் நாங்கள் அவரவர் ஆத்தில் பானகம் கரைத்து, நீர்மோர் நிவேதனம் செய்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் ஒரு குழந்தையின் அம்மா போன் பண்ணினாள். "மாமா, ஸ்கூல் ஆன்லைன்ல வந்துடுத்து. நீங்களும் ஆரம்பிச்சுடுங்கோளேன். குழந்தை நாள் முழுக்க டி.வி. பாத்துண்டிருக்கு" என்றாள். பிள்ளை லேப்டாப்பில் எல்லாம் செய்து கொடுத்தான். நானும் வேஷ்டி சட்டையோடு விபூதி இட்டுக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் நாளே தெரிந்துவிட்டது, இது வேறு மாதிரி வித்தை என்று. ஒரு குழந்தை நீளமாக ஸட்ஜம் பிடிக்கும். முதலில் நன்றாகக் கேட்கும். பிறகு தேய்ந்து காணாமல் போகும். மூச்சு போதவில்லை என்று நான் அதைக் கோபித்துக்கொண்டேன். அப்புறம்தான் என் பிள்ளை சொன்னான்: ஒரே சீராக வரும் ஒலியை, மின்விசிறி சத்தம் மாதிரி ஏதோ இரைச்சல் என்று நினைத்து அந்தச் செயலியே அமுக்கிவிடுகிறதாம்! அதற்கென்று இருக்கும் ஒரு பொத்தானை மாற்றி வைத்த பிறகு சரியாயிற்று. பாவம், அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்னொரு கஷ்டம் விரல். நம் குழலில் துளைகளை வரிசையாகத் திறந்துகொண்டே போனால் இயல்பாக வருவது ஹரிகாம்போதி. நாம் பாடம் ஆரம்பிப்பதோ மாயாமாளவகௌளையில். அதில் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த தைவதத்துக்கும் துளையைப் பாதி மூட வேண்டும். எவ்வளவு பாதி என்பதைக் காமிராவில் காட்ட முடியாது. நேரில் என்றால் குழந்தையின் விரலைப் பிடித்து ஒரு நூல் நகர்த்தி வைத்தால் போதும். இங்கே, "இன்னும் கொஞ்சம்... இல்லை, ரொம்ப திறந்துட்டே... கொஞ்சம் மூடு" என்று அரை மணி ஓடும்.

அப்போது எனக்கு சரப சாஸ்திரிகள் ஞாபகம் வந்தது. கும்பகோணத்தில் 1872-ல் பிறந்து 1904-லேயே மறைந்துவிட்ட மகான். சிறு வயதிலேயே பார்வை போனவர். குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக மேடை ஏற்றியவர் அவர்தான். அவருடைய சிஷ்யர் பல்லடம் சஞ்சீவ ராவ். அவருக்குப் பிறகு மாலி, மாலியிடம் கற்றுக்கொண்ட ரமணி என்று அந்த வாத்தியம் எங்கேயோ போயிற்று. சரப சாஸ்திரிகள் எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்? காதால்தான். அதனால் குழந்தைகளிடம், "படத்தை அணைச்சுடுங்கோ, கண்ணையும் மூடிக்கோங்கோ. நான் வாசிக்கறது மாதிரி வர வரைக்கும் விரலை நகத்துங்கோ" என்றேன். படம் இல்லாததால் ஒலியும் அறுந்து அறுந்து வராமல் ஒழுங்காக வந்தது. இரண்டு மாதத்தில் சுருதி ஞானம் நன்றாகவே வந்துவிட்டது. ஆகவே ஆன்லைன் வகுப்பைக் குறை சொல்வதற்காக நான் இங்கே நிற்கவில்லை. தனிப் பாடத்துக்கு அது மிகவும் உபகாரம்.

ஆனால் சேர்ந்து வாசிப்பது நடக்கவே இல்லை. ஒரு நாள் ஒன்பது பேரையும் ஒன்றாக வாசிக்கச் சொன்னேன். கோயம்பேடு மார்க்கெட் தோற்றது! ஒவ்வொரு குழந்தையும், "அவன்தான் லேட், நான் சரியாத்தான் வாசிக்கறேன்" என்றது. எல்லோர் சொன்னதும் உண்மைதான். ஒலி காற்றில் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவன் வாசிப்பது ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்குக்குள் நம் காதுக்கு வந்துவிடும். இணையத்தில் அது பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று ஆகிறது. அதாவது பக்கத்தில் உட்கார வேண்டியவன் 34 மீட்டர், 68 மீட்டர் தள்ளி, சன்னதித் தெருக் கோடியில் நின்றுகொண்டு வாசிக்கிற மாதிரி. பேச்சுக்கு அது பரவாயில்லை, தாளத்துக்கு ஆகாது.

அந்த வருஷம் விஜயதசமிக்கு வேறு வழி செய்தோம். நான் தாளத்தோடு வாசித்து ஒரு பதிவு அனுப்பினேன். அதைக் காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தனித்தனியாக வாசித்து அனுப்பிற்று. ஒரு பெண்ணின் அக்கா இஞ்சினியரிங் படிக்கிறவள். அவள் ராத்திரி கண்விழித்து எல்லாவற்றையும் ஒன்றாக்கினாள். திரையில் ஒன்பது கட்டம், ஒன்பது குழந்தை, ஒரே பாட்டு. சென்னையிலும் பம்பாயிலும் அமெரிக்காவிலும் இருந்த தாத்தா பாட்டிகள் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். நானும் பெருமைப்பட்டேன். ஆனால் பத்து வயதுப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "தாத்தா, எல்லாரும் சேந்து வாசிச்சோம்னு சொல்றா. நான் யாரோடயும் வாசிக்கலையே. ரூம்ல தனியாத்தானே வாசிச்சேன்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் கேட்டது மனதில் தைத்துவிட்டது. அதனால்தான் அவசரப்பட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

2021 பிப்ரவரியில் தொற்று மிகவும் குறைந்திருந்தது. எல்லோரும் கல்யாணங்களுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். மார்ச் 1 முதல் அறுபது வயதானவர்களுக்குத் தடுப்பூசி வந்தது. இனி பயமில்லை என்று தோன்றிற்று. அந்த வருஷம் ராமநவமி ஏப்ரல் 21. அதற்கு ஒத்திகை என்று மார்ச் 6, 13, 20 மூன்று சனிக்கிழமையும் குழந்தைகளைப் பழைய ஹாலில் கூட்டினேன்.

நான் அஜாக்கிரதையாக இருந்ததாக நினைக்கவில்லை. வாசலில் சானிடைசர் வைத்தேன். நெற்றியில் சூடு பார்க்கும் கருவி வாங்கினேன். நாற்காலிகளைத் துடைக்கச் சொன்னேன். எல்லாம் செய்துவிட்டு ஜன்னல்களைச் சாத்தினேன். ஏன் சாத்தினேன்? மேலே வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் சத்தம் என்று புகார் சொன்னார்கள். சாயங்காலம் கொசு வேறு. மின்விசிறியையும் நிறுத்தினேன். குழல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், குறுக்கே காற்று அடித்தால் வாய்த்துளையில் ஊதும் மூச்சு கலைந்து ஸ்வரம் நிற்காது. கச்சேரி மேடையில்கூட முதலில் ஃபேனை நிறுத்தச் சொல்வோம். ஆக, சாத்திய அறை, ஓடாத விசிறி, முகக்கவசம் இல்லாத ஒன்பது குழந்தைகள், இரண்டு மணி நேரம் முழு மூச்சோடு ஊதல். நினைத்துப் பாருங்கள்.

மார்ச் 24-ஆம் தேதி ஒரு பெண்ணுக்கு ஜுரம். பரிசோதனையில் கொரோனா. அந்த வாரக் கடைசிக்குள் ஐந்து குழந்தைகளுக்கு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பகவத் கிருபையில் குழந்தைகளுக்கு நாலு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் ஒரு பையனின் பாட்டிக்குத் தொற்றி, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனோடு இருந்தார். எழுபத்திரண்டு வயது. தடுப்பூசிக்குத் தேதி வாங்கி வைத்திருந்தார், போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குப் படுக்கை கிடைத்தது பெரும் பாக்கியம். மூன்று வாரம் கழித்து வந்திருந்தால் பெங்களூரில் என்ன நிலைமை என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் ஒத்திகையால்தான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கடையில் வந்திருக்கலாம், லிஃப்டில் வந்திருக்கலாம் என்று நண்பர்கள் சமாதானம் சொன்னார்கள். ஐந்து குழந்தைகளுக்கும் பொதுவாக இருந்தது அந்த ஹால் ஒன்றுதான். இரண்டு குடும்பங்கள் குழந்தைகளை நிறுத்திவிட்டார்கள். ஒரு அப்பா என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

தனிமையில் படுத்திருந்தபோது, எங்கே தவறினேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் ஒரு கோஷ்டி கானக் குழு. 2020 மார்ச் 10-ஆம் தேதி இரண்டரை மணி நேரம் ஒத்திகை. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கிறது. அவரைச் சேர்த்து 53 பேருக்கு நோய் வந்தது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். அவர்களும் வாசலில் சானிடைசர் வைத்திருந்தார்கள், கைகுலுக்கவில்லை. அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2020 மே மாதமே இதை அறிக்கையாக வெளியிட்டுவிட்டது. நான் ஹாலில் ஜன்னலைச் சாத்தியபோது அந்த அறிக்கைக்கு வயது பத்து மாதம்.

கையில் ஒட்டிக்கொண்டு வருவதைவிட, மூச்சில் வெளிப்படும் மிக நுண்ணிய துளிகள் சாத்திய அறையில் புகை மாதிரி மிதந்து சேர்ந்துகொண்டே போவதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனமே 2021 ஏப்ரல் கடைசியில்தான் இதைத் தெளிவாக ஒப்புக்கொண்டு எழுதிற்று.

அமெரிக்கப் பள்ளிகளில் குழந்தைகளின் பேண்டு வகுப்பு பெரிய விஷயம். அது நின்றுபோகக் கூடாது என்று இசை அமைப்புகள் பல சேர்ந்து பணம் போட்டு, கொலராடோ, மேரிலாண்ட் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்யச் சொன்னார்கள். எந்த வாத்தியத்திலிருந்து எவ்வளவு துளி வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று அளந்தார்கள். டிரம்பெட், கிளாரினெட் போன்றவற்றில் ஊதும் மூச்சு வாத்தியத்துக்குள் போய் மறுமுனை வழியாக வருகிறது. அதனால் அந்த வாய்க்குத் துணி உறை போட்டார்கள். குழல் அப்படியில்லை. வாய்த்துளையின் விளிம்பில் மோதி மூச்சு இரண்டாகப் பிரிவதால்தான் நாதமே பிறக்கிறது. ஒரு பகுதி உள்ளே போகும், மீதி நேரே எதிரே போகும். குழலின் முனையைக் கட்டிப் பிரயோஜனமில்லை. அவர்கள் சொன்ன யோசனைகளின் சாரம் இதுதான்: திறந்த வெளி உத்தமம், உள்ளே என்றால் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், ஆறடி இடைவெளி, அரை மணிக்கு மேல் ஒரே மூச்சாக வேண்டாம், நடுவில் எல்லோரும் வெளியே போய் அறைக் காற்று மாறட்டும்.

ஜூன் மாதம் அந்தப் பாட்டியைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. அவரே, "உள்ள வாங்கோ" என்றார். கையில் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி. மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏறும். நுரையீரலுக்கு டாக்டர் கொடுத்த பயிற்சி. ஒரு பந்துதான் ஏறிற்று. பக்கத்தில் பேரன். அவன் குழலில் ஸட்ஜம் பிடிப்பானாம், அவன் முடிப்பதற்குள் இவர் பந்தை ஏற்றி நிறுத்திப் பார்ப்பாராம். "ரெண்டு பேருக்கும் இதான் ஸாதகம்" என்று சிரித்தார். பிறகு, "குழந்தைகளை நிறுத்திடாதீங்கோ. உள்ளதானே ஆகாது? மொட்டை மாடி இருக்கே, அங்க உக்காந்து வாசியுங்கோளேன்" என்றார்.

நான் அவ்வளவு படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

ஆகஸ்டில், மழை இல்லாத சனிக்கிழமைகளில், மொட்டை மாடியில் ஆரம்பித்தோம். வந்தவர்கள் ஆறு பேர். ஆறடிக்கு ஒரு கோலமாவு வட்டம். அரை மணி நேரம்தான். ஒருவர் குழலை இன்னொருவர் தொடக் கூடாது. (ஒரு அம்மா குழலுக்கு உள்ளும் புறமும் சானிடைசர் ஊற்றித் துடைத்தாள். மூங்கில் எண்ணெய்ப் பசை போய் நெடுக வெடித்துவிட்டது. குழலுக்கு உலர்ந்த துணியே போதும்.) ஜலதோஷம் இருந்தால் அன்று வரக் கூடாது, வராததற்குக் கோபமும் கிடையாது.

மொட்டை மாடியில் காற்று பலமாக அடிக்கும். ஸ்வரமே எழும்பாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காற்றுக்கு முதுகு காட்டி நின்றோம். சுவர் இல்லாததால் ஒலி திரும்பி வராது, அடுத்தவன் வாசிப்பது லேசாகத்தான் கேட்கும். குழலில் இரண்டு கையும் மாட்டிக்கொள்வதால் தாளம் போடவும் முடியாது. இஞ்சினியரிங் படிக்கும் அந்த அக்கா எதிரே நின்று கையால் தாளம் போட்டாள். குழந்தைகள் அவள் கையைப் பார்ப்பதும், பக்கத்தில் இருப்பவன் எங்கே மூச்சு எடுக்கிறான் என்று பார்ப்பதுமாக வாசித்தார்கள்.

அங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. தனிப்பாடத்தில் குழந்தை தன் மூச்சை மட்டும் கவனிக்கிறது. சேர்ந்து வாசிக்கும்போது, எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் பாட்டு நடுவில் அறுந்துபோகும் என்று தெரிந்துகொள்கிறது. ஒருவன் எடுக்கும்போது இன்னொருவன் தாங்க வேண்டும். நான் சொல்லிக் கொடுக்காமலே இரண்டு இரண்டு பேராகப் பேசி வைத்துக்கொண்டு, "நீ இங்க எடு, நான் அடுத்ததுல எடுக்கறேன்" என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆன்லைனில் சொல்லி இது வரவில்லை. அது எந்த ஆசிரியருடைய குற்றமும் இல்லை; அங்கே அதற்கு வழி இல்லை.

2022 ஜனவரியில் பதினைந்து வயதுக்கு மேலும், மார்ச்சில் பன்னிரண்டு வயதுக்கு மேலும் தடுப்பூசி வந்தது. அந்த வருஷம் ராமநவமி ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை. குடியிருப்பின் முற்றத்தில், திறந்த வெளியில், ஆறு குழந்தைகள் மூன்று நோட்டுஸ்வரங்களை வாசித்தார்கள். 2020-ல் வாசித்திருக்க வேண்டியவை. பாட்டி மேலே பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். "நான் யாரோடயும் வாசிக்கலையே" என்று கேட்ட பையன் அன்று முடிந்ததும் என்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் பையனோடு பானகத்துக்கு ஓடிவிட்டான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

நிறுத்திவிட்ட இரண்டு குடும்பங்களில் ஒன்று திரும்பி வந்தது. இன்னொன்று வரவில்லை. அந்தப் பெண் நன்றாக வாசிப்பாள். நான் சாத்திய ஜன்னலால் ஒரு குழந்தையின் சங்கீதம் போயிற்று என்பது எனக்கு இன்றும் பாரம்தான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கொரோனா காலம் போய்விட்டது, ஆன்லைன் வகுப்பு தங்கிவிட்டது. ஓசூர் சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் காரில் போய் அரை மணி பாடம் கற்பதைவிட அது சௌகரியம். என்னிடமே மைசூரிலும் மஸ்கட்டிலும் இருந்து குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சௌகரியத்தில், சேர்ந்து வாசிப்பது என்ற ஒன்றையே பலர் மறந்துவிட்டோம். என் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இப்போது வருவது நாலு குழந்தைகள். இதே குடியிருப்பில் ஆன்லைனில் வேறு வேறு ஆசிரியர்களிடம் வாத்தியம் கற்பவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள் என்று சமீபத்தில்தான் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்து ஆத்தில் இருந்துகொண்டு ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டதில்லை.

ஆகவே எல்லா ஊர் அங்கத்தினர்களுக்கும் என் விண்ணப்பம். குழந்தைகள் யாரிடம் எப்படிக் கற்றுக்கொண்டாலும் சரி. மாதத்தில் ஒரு நாள் அவர்களை ஓரிடத்தில் கூட்டுங்கள். நம் சங்கத்துக்குப் பல ஊர்களில் இடம் இருக்கிறது. இல்லாத ஊரில் கோயில் மண்டபம், மொட்டை மாடி, மரத்தடி எதுவும் ஆகும். குழல், வயலின், வீணை, மிருதங்கம் எல்லாம் சேர்ந்தும் வாசிக்கலாம். சுருதி ஒன்றாக இருந்தால் போதும்.

அப்படிக் கூட்டும்போது காற்றை மறக்காதீர்கள். கொரோனா காலம் போனாலும் சளி ஜுரம் போகவில்லை. அறையில் தாத்தா பாட்டிகளும் இருப்பார்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சத்தம் என்று அண்டை வீட்டார் சொன்னால் நேரத்தை மாற்றுங்கள், ஜன்னலைச் சாத்தாதீர்கள். விசிறிக் காற்று குழலைக் கெடுத்தால் குழந்தையைத் தள்ளி உட்கார வையுங்கள். அறையில் கரியமில வாயு அளக்கும் சிறு கருவி கடையில் கிடைக்கிறது. வெளிக் காற்றில் அது 420 அளவில் காட்டும். அறையில் ஆயிரத்தைத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். சங்கத்தில் ஒன்று வாங்கி வைத்தால் எல்லாக் கூட்டங்களுக்கும் உதவும். உடம்பு சரியில்லாத குழந்தை அன்று ஆன்லைனில் கேட்கட்டும். அதற்குத்தான் அந்த வசதி.

நித்தியம் பிராணாயாமம் செய்கிறவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். மூச்சின் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அது புத்தி வந்தது 2021 மார்ச்சில்தான். மற்றவர்களுக்கு அந்த வழியில் வர வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன்.

இதோ, நம் நாலு குழந்தைகளும் காத்திருக்கிறார்கள். பத்து நிமிஷம் வாசிப்பார்கள். அந்த ஏழு குழந்தைகளின் பெற்றோர்களையும் அழைத்திருக்கிறேன். சிலர் வந்திருப்பது சந்தோஷம். வாசலோரம் இருப்பவர்கள் கதவைத் திறந்தே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.